ஆகட்டுங்க

அந்தச் சொல்லைச் சொன்னவர் அவர் அல்லர், நான். அவர் வீட்டுத் தொலைபேசியில், அவருக்கு வந்த அழைப்பில், அவராகவே நடித்துச் சொன்னேன். பிறகு அவரே என்னைப் பார்த்துக் கேட்டபோது, பேசியவர் நீங்கள்தான் என்று பொய்யும் சொன்னேன். ஐந்து முறை வென்ற ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பொதுவாழ்வு அந்தப் பொய்யில் முடிந்தது.

நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. சாமியாருக்கு அவரைத் தெரியும், அவர்மேல் மதிப்பு உண்டு. உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்... கோழைக்கு இதுவே பெரிய துணிச்சல்!

அவரை மாரண்ணன் என்றே எல்லாரும் அழைத்தார்கள். எங்கள் தொகுதி கோவைக்குக் கிழக்கே, வெள்ளகோவில் போகிற திசையில் இருந்தது. தனித்தொகுதி. அவர் பண்ணையத்து ஆளின் மகன். தாமும் பன்னிரண்டு வயது வரை ஒரு தோட்டத்தில் மாடு மேய்த்தவர். நான் போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன், பெயர் தேவராஜ். தட்டச்சு தெரியும் என்பதற்காக என்னைச் சேர்த்துக்கொண்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவர் அப்போது நான்காம் முறை உறுப்பினர்.

நான் பார்த்த மனிதர்களிலேயே உயர்ந்தவர் அவர். இதை ஒரு சடங்குக்காகச் சொல்லவில்லை. அவரைத் தாழ்த்தினால் என் குற்றம் கொஞ்சம் சிறுத்துப்போகும். அந்த வசதிகூட எனக்கு வேண்டாம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரிடம் எதைக் கேட்டாலும் 'ஆகட்டுங்க' என்பார்கள். அது சம்மதமாகவும் இருக்கும், 'சரி, கிளம்புங்கள்' என்பதாகவும் இருக்கும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்று எண்ணுகிற ஊர் இது. வந்தவர் மனம் நோகாமல் வழியனுப்ப இதைவிட வாகான சொல் எங்களிடம் இல்லை.

மாரண்ணன் மட்டும் அந்தச் சொல்லை அப்படிச் செலவழிக்க மாட்டார். முடிகிற காரியத்துக்கு மட்டும் 'ஆகட்டுங்க'. முடியாததற்கு, அந்த நிமிடமே, 'ஆகாதுங்க'. நடுவில் ஒன்று உண்டு: 'யோசன பண்ணிச் சொல்றனுங்க'. சொன்னபடி யோசித்துச் சொல்லியும் விடுவார்.

ஒருமுறை ஓர் அம்மாள் மகனுக்கு அரசாங்க வேலை கேட்டு வந்தார். "ஆகாதுங்க அம்மணி" என்றார் மாரண்ணன். அந்த அம்மாள் அழுதுவிட்டார். அவரை உட்கார வைத்து, மோர் கொடுத்து, ஏன் ஆகாது என்று அரைமணி நேரம் விளக்கினார். போகும்போது அந்த அம்மாள் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மத்தவங்கெல்லாம் பாக்கலாம் பாக்கலாம்னு மூணு வருசம் நடக்க உட்டாங்க கண்ணு. இவுரு ஒரே நாள்ல ஊட்டுக்குப் போகச் சொல்லிப்போட்டாரு. நல்லா இருக்கட்டும்."

மாரண்ணன் ஆகட்டும் என்றுவிட்டால் பந்தக்கால் நட்டுவிடலாம் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். கேலிதான், ஆனால் உண்மை.

ஏன் அந்த ஒரு சொல்லில் அவ்வளவு கண்டிப்பு என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார்.

"எங்கப்பன் காலமெல்லாம் சொன்ன ஒரே வார்த்த அதுதானுங்க தேவராஜு. மாட்ட ஓட்டுன்னா ஆகட்டுங்க. கூலி அப்பறம்னா ஆகட்டுங்க. அடிச்சாலும் ஆகட்டுங்க. வேற வார்த்த சொல்ற ஒரிம அவுருக்கில்லீங்க. அவுரு பயந்து சொன்னத, நானு செஞ்சு காட்டிச் சொல்லோணும்னு நெனச்சனுங்க."

தம்மிடம் வேலை பார்த்த என்னையும் 'ங்க' போட்டுத்தான் அழைப்பார். அந்த மனிதருக்குத்தான் நான் இதைச் செய்தேன்...

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் பாடற்குழுவில் எனக்கு அடிக்குரல். மாரண்ணனுக்கும் அதே கனம், அதே நிதானம். நேரில் யாரும் குழம்ப மாட்டார்கள். தொலைபேசியில் அவர் மனைவியே தடுமாறுவார். ரங்கம்மா அக்கா ஒருநாள் கடைவீதியிலிருந்து அழைத்து, நான் எடுத்ததும், "ஏனுங்க, புளி எத்தன கிலோ வாங்கட்டும்?" என்று கேட்டார். நான் திணறியதைச் சொல்லிச் சொல்லி அந்த வீடே ஒரு வாரம் சிரித்தது.

அந்தச் சிரிப்போடு நின்றிருக்கலாமே!

முதல்முறை தற்செயல்தான். "மாரண்ணனுங்களா?" என்று ஒரு குரல். மாரண்ணன் வீடா என்று கேட்பதாக எண்ணி, "ஆமாங்க" என்றேன். அவர் தம் குறையை மூச்சுவிடாமல் கொட்டிவிட்டார். நடுவில் மறித்துத் திருத்தக் கூச்சமாக இருந்தது. "கேட்டுக்கிட்டனுங்க, சொல்றனுங்க" என்று வைத்துவிட்டு, செய்தியைச் சீட்டில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். காரியமும் ஒழுங்காக நடந்தது.

இரண்டாம் முறை தற்செயல் அல்ல.

எனக்கு அது பிடித்திருந்தது. ஆம், பிடித்திருந்தது! எதிர்முனையில் இருப்பவர் எழுந்து நின்று பேசுகிறார் என்பது குரலிலேயே தெரியும். போத்தனூரில் என்னை யார் அப்படி அழைத்தார்கள்? வாசலில் மனுக்காரர்களோடு அண்ணன் பேசிக்கொண்டிருக்க, உள்ளறையில் நான் கொஞ்ச நேரம் மாரண்ணனாக இருந்தேன். ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தேன்: 'ஆகட்டுங்க' என்று சொல்வதில்லை. அது அவருடைய சொல். திருடனுக்கும் ஒரு நேர்மை வேண்டுமே!

இரண்டு ஆண்டு இப்படி ஓடியது. அவர் ஐந்தாம் முறையும் வென்றார்.

இப்போது ஒரு தடத்தின் கதைக்கு வர வேண்டும்.

மாரண்ணன் பிறந்த காலனிக்கும் மயானத்துக்கும் நடுவே ஒரு தோட்டம். சின்னச்சாமி என்பவருடையது. அவர் தந்தையிடம்தான் மாரண்ணன் மாடு மேய்த்தார். காலனியில் சாவு விழுந்தால் தோட்டத்து ஓரமாக ஓர் ஒற்றையடித் தடத்தில் தூக்கிப் போவார்கள். அது உரிமை அல்ல, தோட்டத்துக்காரர் கண்டும் காணாமல் விட்டது. அதை அடைத்தால் பள்ளத்தில் இறங்கி ஓடுகிற தண்ணீரில் போக வேண்டும். அந்தத் தடத்தைப் பத்திரம் போட்டுப் பொதுவழியாக வாங்கிவிட வேண்டும் என்பது அண்ணனின் பல வருட முயற்சி. சட்டமன்றத்தில் எத்தனையோ ஊருக்குச் சாலை கேட்டு வாங்கியவர், தம் சொந்தக் காலனிக்கு அதிகாரத்தைக் காட்டிக் கேட்கக் கூடாது என்று இருந்தார். பேசிப் பேசியே சின்னச்சாமியைக் கனிய வைத்திருந்தார். சின்னச்சாமியும் பொல்லாதவர் அல்லர். தந்தை 'டேய் மாரா' என்று கூப்பிட்ட மனிதரை, மகன் 'எம்மெல்லேங்க' என்று அழைத்தார்.

அது ஒரு வியாழக்கிழமை மதியம். சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அண்ணன் வாசலில் இருந்தார். தொலைபேசி அடித்தது.

"எம்மெல்லேங்களா? சின்னச்சாமி பேசறனுங்க."

"சொல்லுங்க" என்றேன். அவர் குரலில்.

"அந்தத் தடத்துச் சேதிங்க. பையன் இப்பத்திக்கு ஒத்துக்க மாட்டேங்கறான். இந்த வெள்ளாமை எடுக்கற வரைக்கும் வேலியப் போட்டு அடைச்சுக்கலாம்ங்கறான். நீங்க வேண்டாம்னா போடலீங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காமச் செய்யக்கூடாதில்லீங்களா... போட்டுக்கட்டுங்களா?"

பல வருடம் எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பி இரைச்சல், சரியாகக் கேட்கவில்லை, பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது என்று. உங்களிடம் அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன். எனக்கு எல்லாம் கேட்டது. வேலி என்ற சொல் தெளிவாகக் கேட்டது!

'இருங்க, அண்ணனைக் கூப்பிடுகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரத்தில் அவர் இருந்தார். ஆனால் சொன்னால், அதுவரை 'சொல்லுங்க' என்று கேட்டவன் யார் என்ற கேள்வி வரும். 'யோசித்துச் சொல்கிறேன்' என்றால் அண்ணனிடம் செய்தி போக வேண்டும். நாளை அவர் திரும்ப அழைத்தால், 'நேத்து உங்ககிட்ட நேராவே பேசினேனே' என்பார் சின்னச்சாமி. மனம் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறது பாருங்கள்! எனக்கு அந்த அழைப்பு முடிந்தால் போதும் என்றிருந்தது.

"ஆகட்டுங்க" என்றேன்.

"நெம்ப சந்தோசமுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

சீட்டு எழுதவில்லை. என்னவென்று எழுதுவேன்?

நான்கு நாளில் வேலி ஏறியது. அப்போது அண்ணன் சட்டமன்றக் கூட்டத்துக்குச் சென்னை போயிருந்தார். அவர் திரும்பி வந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் காலனியில் ஒரு கிழவி இறந்தாள். பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்க, பாடை சாய்ந்து, அவள்மேல் தண்ணீர் புரண்டிருக்கிறது. புதைத்துவிட்டு ஈர வேட்டியோடு நேரே மாரண்ணன் வாசலுக்கு வந்தார்கள். கிழவியின் மகள் சரசாள் முன்னால் நின்றாள்.

"வேலி போடச் சொன்னதே நீங்கதானாமுங்ணா?" என்றாள்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு அந்த மழையிலேயே தோட்டத்துக்குப் போனார். சின்னச்சாமி பதறிப்போனார்.

"உங்களக் கேட்டுத்தானுங்களே போட்டேன்? வெசாலக்கெழம மத்தியானம் போன் பண்ணுனேன். போட்டுக்கட்டுங்களான்னு கேட்டேன். ஆகட்டுங்கன்னீங்க. உங்க கொரல் எனக்குத் தெரியாதுங்களா?"

"நானுங்களா?" என்றார் அண்ணன்.

"எம் புள்ளைக மேல சத்தியமுங்க."

 அண்ணன் வெளியே வந்து காரில் ஏறினார். ஓட்டுநர் வண்டியை எடுத்ததும் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை அந்த முகத்தில். பயம் இருந்தது. அதற்குமுன் அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்ததில்லை.

"ஏனுங்க தேவராஜு... அன்னிக்கு நீங்க உள்ளாரதான இருந்தீங்க? நானு போன் பேசுனதப் பாத்தீங்களா?"

இதுதான் அந்த இடம். இங்கேதான் நான் மனிதனாக இருந்திருக்க வேண்டும்.

"பேசுனீங்கண்ணா" என்றேன். "ஒரு நிமிசந்தான் பேசுனீங்க."

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் ஊர் வரும்வரை சன்னலைப் பார்த்தபடி வந்தார். அவருடைய மூத்த அண்ணன் கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்!

வாசலில் காத்திருந்தவர்கள் முன் மாரண்ணன் கைகூப்பினார். "நாந்தானுங்க சொல்லியிருக்கறேன். எனக்கு நெனப்பில்லீங்க. நெனப்பில்லீங்கறதுனால தப்பு இல்லீன்னு ஆயிராதுங்க" என்றார்.

ஒரு வார்த்தை சமாளிப்பு இல்லை. சின்னச்சாமி பொய் சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம், காலனி நம்பியிருக்கும். வேறு எந்த அரசியல்வாதியும் அதைத்தான் செய்திருப்பார். இவருக்கு அது தோன்றக்கூட இல்லை.

சரசாள் அழவில்லை. "உங்கப்பனாட்டவே தோட்டத்துக்காரங்ககிட்ட ஆகட்டுங்கன்னு சொல்லிப்போட்டீங்களே அண்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அதைவிடக் கேடு. என் வாயால் கெட்டவர் அவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்றோடு அந்தச் சொல்லை அவர் விட்டுவிட்டார். நல்ல காரியத்துக்குக்கூட 'செஞ்சர்லாமுங்க' என்பார், 'ஆகட்டுங்க' வராது. கோவையில் ஒரு மருத்துவரிடம் போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் ஒரு குறையும் இல்லை என்றாராம். "நல்ல மனுசனுங்க. எம்மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாரு" என்று சிரித்தார் அண்ணன். தொகுதியில் பாதிப்பேரை அப்பன் பெயர், கிணற்றுப் பெயர் சொல்லி அழைக்கிறவர், அதற்குப்பிறகு பெயரைச் சொல்லுமுன் என் முகத்தைப் பார்ப்பார். சரிதானா என்று. எப்போதும் சரியாகவே இருக்கும்!

சட்டமன்றத்தில் தாள் பார்க்காமல் பேசுகிறவர் என்று பெயரெடுத்தவர், தாள் கேட்டார். நான் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ஒவ்வொரு காலையும் சொல்லத்தான் போனேன். "வாங்க தேவராஜு, சாப்பிட்டீங்களா?" என்பார். 'சாப்பிட்டனுங்கண்ணா' என்று தட்டச்சுப் பொறி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். நாளாக ஆக, பொய்யைவிட அதைச் சொல்லாத நாட்கள் பெரிய குற்றமாகிவிட்டன. வேலை போகும் என்ற பயமா? அதுவும்தான். ஆனால் பெரிய பயம், அவர் என்னை மன்னித்துவிடுவார் என்பது...

தடத்தை அவர் விடவில்லை. ஞாயிறுதோறும் சின்னச்சாமி தோட்டத்துக்குப் போனார். வேலியைப் பற்றிப் பேசாமல், மழை, மாடு, வெள்ளாமை என்று பேசிவிட்டு வருவார். ஒருநாள் சின்னச்சாமியின் மகனே, "இப்புடி வந்து வந்து உக்காந்துக்கறீங்களேங்க, எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டான். வேலி பிரிந்தது. பத்திரம் பதிவானது. மண் கொட்டி, இரண்டு பக்கமும் கல் நட்டு, வண்டி போகிற அகலத்துக்குத் தடம் வந்தது. சரசாளைத்தான் முதலில் நடக்கச் சொன்னார். அவள் நடந்தாள், திரும்பி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்!

அடுத்த தேர்தல் வந்தது. ஆறாம் முறையும் அவர்தான் என்று கட்சி சொன்னது. எதிர்க்கட்சிக்காரர்களே மாரண்ணனுக்கு எதிரே நிற்க ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். அவர் வேண்டாம் என்றார். காரணம் கேட்டு வந்தவர்களிடம் சொன்னார்: "நெனப்புத் தப்பறவன் நாலு பேருக்கு வாக்குக் குடுக்கக்கூடாதுங்க."

பதவியைத் தாமே விட்டவர் என்று ஊர் அவரைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியவர்தான்! அவர் நம்பியது பொய். அவர் செய்தது உயர்ந்தது. கட்சித் தலைமைக்கு அவர் எழுதிய மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். 'வயது காரணமாக நினைவாற்றல் குன்றி வருவதால்' என்ற வரியை அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ஓர் எழுத்துப்பிழை இல்லை.

அதன்பின் அந்தத் தொகுதியில் யார் யாரோ வென்றார்கள். எல்லாரும் நல்லவர்களே. எல்லாவற்றுக்கும் 'பாக்கலாமுங்க' என்றார்கள்.

மாரண்ணன் இன்னும் பல ஆண்டு இருந்தார். ஒன்றையும் மறக்கவில்லை. என் மகள் பிறந்த கிழமையைக்கூடச் சொல்வார். போன முறை அந்தியூர்ச் சந்தையில் மாடு என்ன நிறம் வாங்கினோம் என்று யாராவது தகராறு செய்தால் அவர்தான் தீர்த்துவைப்பார். ஆனாலும் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, பேசியதை எல்லாம் உடனே குறித்துக்கொள்வார். கடைசி வரை தம்மை நம்பவில்லை. அவர் இறந்தபோது அந்தத் தடத்தின் வழியாகத்தான் கொண்டுபோனோம். ஒரு பக்கம் நானும் தோள் கொடுத்தேன்.

போன மாதம் ரங்கம்மா அக்கா தொலைபேசியில் அழைத்தார். பேத்திக்குக் கல்யாணமாம்.

"முந்துன நாளே வந்துரோணும் கண்ணு."

"வாரேனுங்க்கா" என்றேன்.



"கொரல் அப்புடியே அவுங்களாட்டவே இருக்குது..." என்றார். "கண்ணு, ஒண்ணு கேக்கட்டா? ஆகட்டுங்கன்னு ஒருக்காச் சொல்லு. அவுங்க அந்த வார்த்தய உட்டுப்போட்டாங்க. நானு கேட்டு எத்தனையோ வருசமாச்சு."

 முடியாது என்று எப்படிச் சொல்வேன், எந்தக் காரணத்தைச் சொல்வேன்?

"ஆகட்டுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.  "போன்ல... ஒரு வித்தியாசமுமே தெரியறதில்ல" என்றார் மெல்ல. "அன்னிக்கு, அந்த வெசாலக்கெழம..." அங்கே நிறுத்திவிட்டார்.

நான் காத்திருந்தேன். கேளுங்கள் அக்கா, கேட்டுவிடுங்கள் என்று மனம் கதறியது. கேட்டால் சொல்லிவிடலாம் என்றிருந்தது. அவராகக் கேட்க வேண்டும் என்று அப்போதும் காத்திருந்தவன்தான் நான்!

"ஒண்ணுமில்ல கண்ணு. வெச்சர்றேன்" என்றார்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. வீட்டில் தொலைபேசி அடித்தால் இப்போதெல்லாம் என் மனைவிதான் எடுக்கிறாள்.